‘பிள்ளைகளுக்காகவாவது கிளம்பியிருக்கலாமே’: குடும்ப வன்முறையும் குழந்தை நலமும் சந்திக்கும் இடம்

குடும்ப வன்முறை பற்றி ஒரு செய்தி வந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடும். “அவள் ஏன் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாள்?”, “பிள்ளைகளுக்காகவாவது கிளம்பியிருக்கலாமே?” இரண்டு கேள்வியிலும் அடித்தவனைக் காணோம்.

குழந்தை நலத் துறை என்றாலும் இதே மாதிரிதான். அவர்கள் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது ஒரு கட்சி. புருஷன் பெண்டாட்டி சண்டையில் அவர்களுக்கு என்ன வேலை என்பது இன்னொரு கட்சி. வன்முறை வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறது, அது குழந்தையை எந்த வழியாகத் தொடுகிறது, சமூகப் பணியாளர் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சட்டமோ உளவியலோ படித்திருக்கத் தேவையில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான வழக்குகளில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண், செய்வது பெரும்பாலும் ஆண் என்பதால் அப்படியே எழுதுகிறேன். ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள், செய்பவர் மாமியாராகவோ வளர்ந்த மகனாகவோ இருக்கலாம். இயங்கும் விதம் அப்போதும் இதேதான்.

## அடியை எண்ணினால் ஏன் கணக்குத் தப்பும்?

மின்வேலி போட்ட நிலத்தில் மேயும் மாட்டைக் கவனியுங்கள். முதல் நாள் மூக்கை வைத்து ஷாக் வாங்கும். இன்னொரு முறையும் வாங்கலாம். அப்புறம் வேலிப் பக்கமே போகாது. ஒரு மாதம் கரண்ட் இல்லாவிட்டாலும் போகாது. போன மாதம் எத்தனை தடவை ஷாக் அடித்தது என்று கணக்கெடுத்தால் பூஜ்யம் வரும். அதை வைத்து மாடு இஷ்டப்படி திரிகிறது என்று எழுதினால் சிரிப்பார்கள். அது எங்கெல்லாம் போகாமல் இருக்கிறது என்று பார்த்தால்தான் வேலி இருப்பதே தெரியும். வேலியை ஒருமுறைகூடத் தொடாத கன்றும் தாயைப் பார்த்தே அந்தப் பக்கம் போகாது.

மனித வீட்டில் இந்த வேலியைப் பல கம்பிகளில் கட்டுகிறார்கள். சம்பள அட்டை அவன் கையில். போனைத் தினமும் வாங்கிப் பார்ப்பான். அம்மா வீட்டுக்குப் போய் வந்தால் மூன்று நாள் பேச்சு கிடையாது. வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை. உறவினர் முன்னால் “இவளுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை” என்று ஒரு சிரிப்பு. இவற்றுக்கு நடுவே எப்போதோ ஓர் அறை. அந்த ஓர் அறைதான் மற்றக் கம்பிகளில் கரண்ட் ஓட வைக்கிறது.

இப்படி ஒருவரின் பணம், நேரம், உறவு, நடமாட்டம் எல்லாவற்றையும் பயத்தின் மூலம் தொடர்ந்து கைக்குள் வைத்திருப்பதை ‘வன்கட்டுப்பாடு’ என்று சொல்லலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் துலூத் என்ற ஊரில், அடிபட்ட பெண்கள் சொன்ன அனுபவங்களை வைத்து 1984-ல் ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். சக்கரத்தின் நடுவில் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்று இருக்கும். மிரட்டல், தனிமைப்படுத்தல், பணத்தைப் பிடித்து வைத்தல், பிள்ளைகளைப் பயன்படுத்தல் போன்றவை ஆரக்கால்கள். உடல், பாலியல் வன்முறை வெளிப்பட்டையாகச் சுற்றி நின்று எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும். உலகம் முழுவதும் பயிற்சி வகுப்புகளில் இன்றும் இந்தப் படத்தைக் காட்டுகிறார்கள்.

சட்டங்களும் மெதுவாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கின்றன. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என நான்கு வகைக் கொடுமைகளையும் வன்முறை என்றே சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வன்கட்டுப்பாட்டைத் தனிக் குற்றமாக்கிய சட்டம் 2015-ல் வந்தது. அதிகபட்சம் ஐந்து ஆண்டுச் சிறை.

இடையில் குடியைப் பற்றி ஒரு வார்த்தை. குடி ஆபத்தைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர் அதே போதையில் மேனேஜரை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம், எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்ற நிதானம் போதையிலும் இருக்கிறது. குடியை நிறுத்தியவர் சம்பள அட்டையைத் திருப்பிக் கொடுப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இதுவரை: குடும்ப வன்முறை என்பது தனித்தனிச் சண்டைகளின் கூட்டுத்தொகை இல்லை, ஒரு தொடர் ஏற்பாடு. அடி அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி மட்டுமே.

## குழந்தை பார்வையாளர் இல்லை

“பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குத் தெரியாது.” இதை அடித்தவரும் சொல்வார், அடிபட்டவரும் சொல்வார். அவருக்கு வசதி, இவருக்கு ஆறுதல். ஆனால் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசிய பணியாளர்களைக் கேளுங்கள். அப்பா கேட்டைத் திறக்கும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று கணிக்கத் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளைகள் உண்டு. சத்தம் தொடங்கியதும் தங்கைக்காக டிவி ஒலியைக் கூட்டி வைக்கிற பிள்ளை உண்டு. பள்ளியில் எந்நேரமும் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குப் போகத் துடிக்கிற பிள்ளைக்கு, தான் வீட்டில் இருந்தால் அம்மாவை அடிக்க மாட்டார் என்று ஒரு கணக்கு இருக்கலாம்.

இதனால்தான் இங்கிலாந்து, வேல்ஸின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போனது. வீட்டு வன்முறையைப் பார்த்த, கேட்ட, அதன் விளைவை அனுபவித்த குழந்தை சாட்சி மட்டும் இல்லை, பாதிக்கப்பட்டவரே என்று அது சொல்கிறது.

பாதிப்பு பல வழிகளில் வருகிறது. தாய்மீது விழும் அடி இடுப்பில் இருக்கும் குழந்தைமீதும் விழலாம். துணையை அடிக்கிற வீடுகளில் பிள்ளையையும் அடிப்பது அதிகம். உடம்பின் எச்சரிக்கை மணி நாள்தோறும் அடித்துக்கொண்டிருந்தால் தூக்கமும் கவனமும் படிப்பும் கெடும். பேச்சே வராத கைக்குழந்தையிடமும் இது தெரியும்: காரணமில்லாத அழுகை, பால் குடிக்காமை, சட்டெனத் திடுக்கிடல்.

அதிகம் பேசப்படாத வழி ஒன்று இருக்கிறது. அவன் குழந்தையைக் கருவியாக்குகிறான். “அம்மா இன்னிக்கு யார்கூட போன் பேசினா?” என்று பிள்ளையை உளவு பார்க்க வைக்கிறான். பிள்ளை முன்னாலேயே அவளை முட்டாள் என்று திட்டி, அவள் சொல்லைப் பிள்ளை மதிக்காதபடி செய்கிறான். காலப்போக்கில் பிள்ளை அப்பா பக்கம் சாய்ந்து தானும் அம்மாவைத் திட்டத் தொடங்கலாம். பலமானவர் பக்கம் நிற்பது பாதுகாப்பு என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் ‘பிள்ளை அப்பாவிடம்தான் பாசமாக இருக்கிறது’ என்று யாராவது அறிக்கை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1998-ல் வெளியான ‘பாதகமான குழந்தைப் பருவ அனுபவங்கள்’ ஆய்வு மிகவும் பிரபலம். தாய் அடிபடுவதைக் காண்பது உட்பட இத்தகைய அனுபவங்கள் கூடக் கூட, பெரியவர்களான பிறகு நோயும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அது காட்டியது. இதை வைத்து ‘அந்த வீட்டுப் பிள்ளை உருப்படாது’ என்று முத்திரை குத்துவது தவறு. அது ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனிப் பிள்ளையின் ஜாதகம் இல்லை. பல பிள்ளைகள் நன்றாகவே மீள்கிறார்கள். மீள்வதற்குப் பெரிதும் உதவுவது, அடிக்காத ஒரு பெரியவரோடு உள்ள உறுதியான பிணைப்பு. பல வீடுகளில் அந்தப் பெரியவர் அடிபடுகிற அம்மாதான். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் இது முக்கியம்.

## கிளம்பினால் முடிந்ததா?

கிளம்புவதைக் கதவைத் திறந்து வெளியே வருவது போல நினைத்துப் பேசுகிறோம். கொலை வரை போன வழக்குகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, அவள் கிளம்ப முடிவெடுக்கும் நாட்களும் கிளம்பிய பிறகு வரும் வாரங்களும் மிக ஆபத்தானவை என்பது. அவன் பிடி நழுவுகிற நேரம் அது.

ஆபத்து ஒரு பக்கம், கணக்கு இன்னொரு பக்கம். பிள்ளைகளோடு எங்கே தங்குவது, பள்ளி என்ன ஆவது, கையில் பணம் ஏது? இதற்கெல்லாம் மேலே ஒரு மிரட்டல்: “போலீஸுக்குப் போ. பிள்ளைகளை ஹோமில் போட்டுவிடுவார்கள். உனக்கு மனசு சரியில்லைன்னு நான் சொல்வேன்.” தங்கிவிட்டவளைக் கேட்டால் பல சமயம் அவள் சொல்லும் காரணம் ‘பிள்ளைகளுக்காக’ என்பதே. வெளியே நிற்கிறவர்கள் எந்தக் காரணத்தைச் சொல்லி அவளைக் குறை சொல்கிறார்களோ, அதே காரணம்.

பிரிந்த பிறகும் பிள்ளை வழியாகவே கட்டுப்பாடு தொடரலாம். பிள்ளையைப் பார்க்க வரும் நாளில் தாமதம், மிரட்டல், புது முகவரி விசாரிப்பு, முடிவில்லாத வழக்குகள்.

இதுவரை: குழந்தை வன்முறைக்குள்ளேயே வாழ்கிறது. அதைக் காக்கும் முக்கியமான ஆள் பெரும்பாலும் தாய். கிளம்புவது தானாகவே பாதுகாப்பைத் தந்துவிடாது.

## மூன்று கதவு, மூன்று உத்தரவு

ஒரே குடும்பம் மூன்று வெவ்வேறு அமைப்புகளிடம் போகிறது. இந்த மூன்றையும் பிரிட்டன் ஆய்வாளர் மரியான் ஹெஸ்டர் மூன்று கோள்கள் என்று வர்ணித்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சட்டம், ஒவ்வொரு பழக்கம்.

காவல் துறையும் குற்றவியல் நீதிமன்றமும் இருக்கும் கோளில் அவன் குற்றவாளி, அவள் பாதிக்கப்பட்டவள். குழந்தைப் பாதுகாப்புக் கோளில் கேள்வி சட்டென்று அவள் பக்கம் திரும்புகிறது: நீ ஏன் பிள்ளையைக் காக்கவில்லை, உடனே பிரிந்து வா. பிரிந்து வந்தால் மூன்றாவது கோள், பிள்ளையை யார் வளர்ப்பது, யார் சந்திப்பது என்று தீர்மானிக்கும் குடும்ப நீதிமன்றம். அங்கே அவன் வெறும் ‘அப்பா’. அப்பாவைப் பிள்ளை பார்க்கத்தானே வேண்டும், நீ ஏன் தடுக்கிறாய்?

முதல் வாரம் ‘அவனை வீட்டுக்குள் விடாதே, விட்டால் பிள்ளையை எடுத்துவிடுவோம்’. சில மாதம் கழித்து ‘ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அவனிடம் அனுப்பு, அனுப்பாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு’. இரண்டு உத்தரவும் ஒரே பெண்ணுக்கு. அவனிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு சாட்சி. 1999-ல் ஒரு தாயை, அவர் உறவை முறித்துக்கொண்ட துணைவர் வந்து தாக்கினார். கை முறிந்தது. மகன் பள்ளியில் இருந்தான், கைக்குழந்தை வேறு அறையில் இருந்தது. அந்தத் தாயே அவசர எண்ணுக்கு அழைத்தார். மருத்துவமனைக்குப் போகும் முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடு செய்தார். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நகரக் குழந்தை நலத் துறை பிள்ளைகளை எடுத்துச் சென்றது. பிள்ளைகளைப் புறக்கணித்ததாக வழக்கு வந்தது அவர்மீதே. அவரைப் போன்ற மற்றத் தாய்மாரும் சேர்ந்து தொடுத்த வழக்கில், அடிபட்டாள் என்ற காரணத்துக்காகவே தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. குழந்தை வன்முறையைக் கண்டது என்பது மட்டுமே தாயின் புறக்கணிப்பு ஆகாது, பிரிப்பதால் குழந்தைக்கு வரும் காயத்தையும் எடை போட வேண்டும் என்று அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2004-ல் தெளிவுபடுத்தியது.

துறை அப்படி நடந்துகொள்ளும்போது “போனால் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள்” என்ற அவனுடைய மிரட்டல் நிஜமாகிவிடுகிறது. இந்தச் செய்தி பரவினால் அடுத்த பெண் உதவி கேட்க மாட்டாள்; அவள் பிள்ளை துறையின் கண்ணுக்கே படாது.

பணியாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவர் கையில் அளவுக்கு மீறிய குடும்பங்கள். ஒரு குழந்தை இறந்தால் முதலில் பழி விழுவது அவர்மீதுதான். வீட்டில் கிடைக்கிற, கதவைத் திறக்கிற, கையெழுத்துப் போடுகிற ஆள் தாய். அப்பா ‘வெளியே போயிருக்கிறார்’. ஆகவே கிடைக்கிற ஆள்மீது முழுப் பொறுப்பும் ஏறுகிறது.

## அறிக்கையில் யார் என்ன செய்தார்?

அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் மேண்டல் 2006-ல் ஒரு வேலைமுறையை உருவாக்கினார். பல நாடுகளில் பணியாளர்கள் அதில் பயிற்சி பெறுகிறார்கள். அதன் சாரம்: வன்முறை செய்பவரை ஒரு பெற்றோராக வைத்து, அவருடைய நடத்தைத் தொடரைப் பதிவு செய், அது பிள்ளைக்கு என்ன செய்தது என்று எழுது, அடிபட்டவர் பிள்ளையைக் காக்க எடுத்த ஒவ்வொரு முயற்சியையும் எழுது, முடிந்தவரை பிள்ளையை அவரோடு சேர்த்தே காப்பாற்று.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஒரு கற்பனைக் குடும்பத்துக்கு இரண்டு விதமாகக் குறிப்பு எழுதிப் பார்ப்போம்.

முதல் குறிப்பு: “கணவன் மனைவிக்கிடையே அடிக்கடி தகராறு ஏற்படுகிறது. சூழல் குழந்தைகளுக்கு உகந்ததாக இல்லை. பலமுறை அறிவுறுத்தியும் தாய் வீட்டைவிட்டு வெளியேற மறுக்கிறார். குழந்தைகளைப் பாதுகாக்கத் தவறுகிறார்.”

இரண்டாவது: “செவ்வாய் இரவு, இரண்டு வயது மகள் இடுப்பில் இருக்கும்போது தந்தை தாயைச் சுவரோடு தள்ளினார். ஒன்பது வயது மகன் குறுக்கே வந்தபோது அவனுடைய புத்தகப் பையைத் தெருவில் எறிந்தார். மறுநாள் அவன் பள்ளிக்குப் போகவில்லை. தாயின் சம்பள அட்டை தந்தையிடம் உள்ளது. சண்டை வரும் என்று தோன்றும் நாட்களில் தாய் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சாப்பாடு கொடுத்து உள்ளறையில் தூங்க வைக்கிறார். மாடி வீட்டுக்கு ஓடும்படி மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சென்ற மாதம் அவர் கிளம்ப முயன்றபோது தந்தை மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் காணாமல் போனார்.”

முதல் குறிப்பில் தகராறு தானாக ‘ஏற்படுகிறது’, மழை பெய்வது போல. பெயர் சொல்லிச் செயல் ஒன்று செய்யும் ஒரே ஆள் தாய். அவள் செய்யும் செயல்கள் மறுப்பதும் தவறுவதும். இதைப் படிக்கும் அதிகாரி அவளிடம் எழுதி வாங்குவார், அல்லது பிள்ளைகளை எடுப்பார். இரண்டாவது குறிப்பைப் படிப்பவருக்குச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலே கிடைக்கிறது. அவனை விலக்கி வைக்கும் நீதிமன்ற உத்தரவு, பிள்ளையைத் தூக்கிப் போகாதபடி இடைக்காலக் காவல் உத்தரவு, அட்டையை மீட்பது, பள்ளியோடு பேசுவது, அவனை வரச்சொல்லி விசாரிப்பது. அவள் ஏன் கிளம்பவில்லை என்ற கேள்விக்கும் கடைசி வரியில் பதில் இருக்கிறது.

## சமூகப் பணியாளர் என்ன செய்கிறார்?

முதல் வேலை, தனித்தனியாகப் பேசுவது. தாய் தனியாக, பிள்ளை தனியாக. கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்து ‘மனசுவிட்டுப் பேசுங்கள்’ என்பது இங்கே ஆபத்தான யோசனை. அவன் எதிரில் அவள் சொல்லும் உண்மைக்கு இரவு வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாமல் விட்டால் ‘பிரச்சினை ஒன்றும் இல்லை’ என்று கோப்பில் ஏறும். இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்புவதும் இந்த ரகம்தான்.

இரண்டாவது ‘இடர் மதிப்பீடு’: உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று குறிப்பிட்ட கேள்விகளால் அளப்பது. அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பல் 1980-களில் உருவாக்கிய கேள்வித்தாள் இதில் முன்னோடி. ஆயுதம் கைக்கு எட்டுமா, கொன்றுவிடுவேன் என்றானா, பின்தொடர்கிறானா, அண்மையில் பிரிந்தார்களா போன்றவை கேட்கப்படும். கழுத்தை நெரித்ததுண்டா என்ற கேள்வியை மட்டும் விடவே கூடாது. வெளியே தழும்பே இருக்காது. ஆனால் ஒருமுறை நெரிக்கப்பட்ட பெண் அதே ஆளால் பின்னர் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கு மேல் என்று 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது.

மூன்றாவது ‘பாதுகாப்புத் திட்டம்’: அடுத்த முறை நடந்தால் யார் எங்கே போவது என்று முன்பே பேசி வைப்பது. சண்டை தொடங்கினால் சமையலறைப் பக்கமோ பூட்டிய குளியலறைக்கோ போகாமலிருப்பது, சான்றிதழ்களின் நகலை நம்பகமானவரிடம் கொடுத்து வைப்பது, போனில் சொல்ல ஒரு ரகசிய வார்த்தை. பிள்ளைக்குத் தனித் திட்டம்: குறுக்கே போகாதே, இந்த வீட்டுக்கு ஓடு, இந்த எண்ணைக் கூப்பிடு, இது உன் தப்பு இல்லை.

அப்படியானால் பிள்ளையை எப்போதுமே பிரிக்கக் கூடாதா? பிரிக்க வேண்டிய நேரங்கள் உண்டு. பிள்ளைமீதே கடும் வன்முறை நடந்து, தாயோடு சேர்த்து வெளியே கொண்டுவரவும் இன்றைக்கு வழியில்லை என்றால், காத்திருப்பது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. ஆனால் அது கடைசி வழி. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே சொல்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டே பிள்ளையின் இடைக்காலக் காவலைத் தாயிடம் கொடுக்கலாம். தந்தையின் சந்திப்பு பிள்ளைக்குத் தீங்கு என்று கண்டால் மறுக்கலாம். வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. வெளியேற வேண்டியது அவளும் பிள்ளைகளும்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

## பக்கத்தில் இருப்பவர்கள்

ஆசிரியரிடமோ அத்தையிடமோ பிள்ளை ஏதாவது சொன்னால், முழுவதையும் குறுக்கிடாமல் கேளுங்கள். போலீஸ் மாதிரித் துருவ வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. அப்பாவைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாம் என்ற வேகம் வரும்; அடக்கிக்கொள்ளுங்கள், அதன் பலனை அன்றிரவு அனுபவிப்பது பிள்ளையும் தாயும். முடிந்தால் முதலில் தாயிடம் தனியாக, அவளுக்குப் பாதுகாப்பான நேரத்தில் பேசுங்கள். இந்தியாவில் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இலங்கையில் குழந்தைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938.

பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில், தேதி போட்டு எழுதி வையுங்கள். “அப்பா அம்மா கழுத்தைப் பிடிச்சார்” என்று அது சொல்லியிருந்தால், ‘வீட்டில் பிரச்சினை’ என்று நாகரிகமாக மாற்றிவிட வேண்டாம். கழுத்து என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் மதிப்பீடு செய்பவர் முதலில் தேடுவார்.